பற்றுதலும் விடுதலும்

'பற்று' என்பது தமிழிற் சிறிய சொல். அதன் ஆட்சியோ பெரிது. மொழிப்பற்று, நாட்டுப்பற்று என உள்ளத்தின் பிணிப்பை அது குறிக்கும். கடையிற் பெறும் பற்றுச்சீட்டிலும் கொல்லன் உலைக்களத்துப் பற்றுக்குறட்டிலும் அதுவே நிற்கும். வீக்கத்தின்மேல் அரைத்துப் பூசும் மருந்துக்கும் பற்று என்றே பெயர். எங்கள் கிழக்குக் கரையில் அது நிலத்துக்கே பெயராயிற்று. கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என எண்ணிக்கொண்டே போகலாம். 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்சிப் பிரிவுகள் மாறின. ஆயினும் பழைய பற்றுக்களின் பெயர்கள் மக்கள் நாவில் இன்னும் உள.

முப்பது ஆண்டுகளாக இச்சொல்லை வகுப்பறையில் விளக்கி வந்தவன் நான். அதன் பொருள் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது என்றே எண்ணியிருந்தேன். எள்ளளவேயான ஓர் ஈயின் குடலினுள்ளே, நான் கனவிலும் கருதாத ஒரு பற்று நிகழ்வதைச் சென்ற ஆண்டு என் மருமகன் எனக்குச் சொல்லித் தந்தான். தமிழ்ப் பண்டிதனுக்கு ஈயின் குடலில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை என் தங்கையின் வீட்டில் தொடங்குகிறது.

ஆறாத புண்

என் தங்கையின் கணவர் வயற்காரர். சம்மாந்துறைக்கு மேற்கேயுள்ள வட்டையொன்றில் அவருக்குச் சிறிது காணி உண்டு. கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக இரவு முழுவதும் வாடியிலே தங்குவார். வாடியின் பின்புறத்தில் ஒரு கறையான் புற்று, அதற்கப்பால் பற்றைக்காடு.

ஒருநாள் மச்சானின் முன்கையில் ஒரு சிறு பரு தோன்றியது. நோவில்லை, அரிப்பில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தங்கை பற்றிட்டாள். பின்னர்க் கடையில் வாங்கிய களிம்பைப் பூசினாள். மாதங்கள் சென்றன. பரு பெருத்துக் கட்டியாயிற்று. கட்டியின் நடு உடைந்து புண்ணாகிப் பொருக்குப் பிடித்தது. நோவிருந்தால் மறுநாளே வைத்தியசாலைக்குப் போயிருப்பார். நோவாத புண்ணை யார் பொருட்படுத்துவர்?

அப்புண் நோவாததே ஊராரின் வாய்க்கு இரையாயிற்று. தொட்டால் உணர்வில்லையாம் என்றார் ஒருவர். அப்படியானால் அது குட்டந்தான் என்றார் மற்றொருவர். எவரும் தொட்டுப் பார்த்தவரல்லர். அப்பேச்சு மெல்ல மெல்ல மாப்பிள்ளை வீட்டாரின் செவியையும் எட்டியது. நாள் குறிக்கும் நிலையிலிருந்த என் மருமகளின் கலியாணப் பேச்சு, காரணம் கூறப்படாமலே நின்றுபோயிற்று.

இதில் என் பங்கையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அந்த மாதங்களில் மச்சான் வீட்டுக்கு நான் போவது குறைந்தது. போன இரண்டொரு முறையும், "இப்போதுதான் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று பொய் கூறி எழுந்துவிட்டேன். தங்கை அதை உணர்ந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. குட்டமே ஆயினும் இன்று அது மருந்தினால் முற்றாக மாறும் நோய் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது நாவில் இருந்தது. அச்சம் காலில் இருந்தது.

பேராதனையில் உயிரியல் பயிலும் மருமகன் விடுமுறையில் வந்தான். வாப்பாவின் கையைப் பார்த்தவன், மறுநாட் காலையிலேயே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துப் போனான். புண்ணின் ஓரத்தைச் சிறிது கீறி, எடுத்ததைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அன்றிரவு அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, வாப்பாட கையில இரிக்கிறது குட்டமில்ல. மணல் ஈ கடிச்சி வந்த புண். லீஷ்மேனியாசிஸ் என்டு பேரு."

"அதற்குத் தமிழில் என்ன பெயர் மகன்?" என்று கேட்டேன்.

"அதத்தான் நீங்க சொல்லணும் மாமா" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. அன்று தொடங்கி அவன் விடுமுறை முடியும்வரை, மாலைதோறும் அவன் ஆசிரியன், நான் மாணவன்.

சவுக்கும் முளையும்

அப்புண்ணை உண்டாக்குவது ஓருயிர்க்கலத்தாலான ஒட்டுண்ணி. மனித உடலில் வாழும்போது அது உருண்டை வடிவினது. இரண்டு முதல் நான்கு மைக்ரோன் அளவினது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்ரோன் என்க. நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவற்கலங்கள் நம் உடலில் உள. இவ்வொட்டுண்ணி அக்காவற்கலங்களின் உள்ளேயே குடியிருந்து பெருகுகின்றது.

ஈயின் வயிற்றுக்குட் போனதும் அது வேறு வடிவம் கொள்கின்றது. உடல் நீள்கின்றது, முன்நுனியிலிருந்து சாட்டைபோன்ற ஓர் இழை வளர்கின்றது. அவ்விழையைச் சுழற்றி அது நீந்தும். இலத்தீன் மொழியில் அவ்விழைக்குச் சிறு சாட்டை என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். தமிழகத்துப் பாடநூல்கள் அதனைக் கசையிழை என்கின்றன. நம் நாட்டுப் பாடநூல்களில் அது சவுக்குமுளை. இச்சொல்லை ஒரு மாணவன் வகுப்பில் வாசித்துவிட்டு, "கடற்கரையில் நட்ட சவுக்கமரத்தின் முளையா சேர்?" என்று கேட்டது எனக்கு நினைவு வந்தது. அன்று நகைத்தேன். அவனுக்குச் சாட்டையைக் காட்டி விளக்கியிருக்க வேண்டும்.

ஒட்டுண்ணி என்னும் சொல்லையும் இங்கே கருதுதல் தகும். கிரேக்கத்திலிருந்து வந்த மேனாட்டுச் சொல், பிறர் பந்தியில் பக்கத்திலிருந்து உண்பவன் என்னும் பொருளது. தமிழ்ச் சொல்லோ ஒட்டுதலை முதலிலும் உண்ணுதலைப் பின்னும் வைத்தது. ஈயின் குடலில் நிகழ்வதை நோக்குமிடத்து, இவ்வரிசை மிகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அங்கே ஒட்டத் தெரியாதது வாழாது.

நாற்பதாண்டுத் தேடல்

இவ்வுண்மை எளிதிற் புலப்பட்டதன்று. இதன் கதையின் முதற் பகுதி சென்னையிலும் கல்கத்தாவிலும் நிகழ்ந்தது.

இந்தியாவிற் கருங்காய்ச்சல் என்னும் கொடுநோய் ஊர்களை வெறுமையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. நீண்ட காய்ச்சலுடன் மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, மருந்தில்லாத நிலையில் நோயாளர் மாண்டனர். இந்தியாவிற் பணியாற்றி மீண்ட ஒரு போர்வீரனின் மண்ணீரலில் விந்தையான சிறு உருண்டைகளைத் தாம் 1900 ஆம் ஆண்டில் கண்டதாக, வில்லியம் லீஷ்மன் என்னும் இராணுவ வைத்தியர் 1903 ஆம் ஆண்டு மே மாதம் எழுதினார். சென்னை அரசினர் பொது வைத்தியசாலையிற் பணியாற்றிய சார்ள்ஸ் டொனவனும் அவ்வுருண்டைகளை அவ்வாண்டிலேயே கண்டிருந்தார். 1903 ஜூன் 17 ஆம் நாள், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த துளியிலும் அவற்றைக் கண்டார். மலேரியாவைக் கொசு பரப்பும் முறையைக் கண்டு புகழ்பெற்ற ரொனால்ட் ரோஸ், இருவர் பெயரையும் இணைத்து அவ்வுயிருக்கு லீஷ்மேனியா டொனவனி எனப் பெயரிட்டார்.

அடுத்த ஆண்டில், 1904 இல், கல்கத்தாவில் லெனார்ட் ரொஜர்ஸ் அவ்வுருண்டைகளை உடலுக்கு வெளியே குளிர்ந்த சூட்டில் வளர்த்தார். அவை சவுக்குமுளையுடன் நீந்தும் உயிர்களாக மாறின. இத்தகைய உயிர்கள் பூச்சிகளின் குடலில் வாழ்வதை அறிஞர் முன்னரே அறிவர். ஆகவே இந்நோயையும் ஏதோ ஒரு பூச்சியே சுமக்கின்றது என்னும் ஐயம் வலுத்தது. ஆனால் எந்தப் பூச்சி?

ஏழைகளின் கட்டில்தோறும் இருந்த மூட்டைப்பூச்சியின்மேல் முதலிற் கண் விழுந்தது. சென்னையில் ஆய்ந்த பற்றன் என்பார், மூட்டைப்பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி சவுக்குமுளையுடன் வளர்வதை 1907 இற் கண்டறிந்தார். எனினும் மூட்டைப்பூச்சி நோயைப் பரப்புவதாக எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. 1924 இற் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், சிமித் ஆகிய மூவரும் மணல் ஈயின் குடலில் அவ்வொட்டுண்ணி செழித்துப் பெருகுவதைக் கண்டனர். அதன் பின்னரும், கடியினால் நோய் தொற்றுவதைக் காட்டப் பல்லாண்டுகள் முயன்று தோற்றனர். ஒருமுறை இரத்தம் குடித்த ஈக்கள் மறுமுறை குடிக்குமுன் இறந்தன. அன்றேல் கடித்தும் நோய் தொற்றவில்லை.

முடிச்சை அவிழ்த்தது உலர்ந்த திராட்சை என்றால் நம்புவீர்களா? நோயுள்ள இரத்தத்தைக் குடித்த ஈக்களுக்கு, அதன்பின் மீண்டும் இரத்தம் கொடாமல் உலர்திராட்சையின் சாற்றைக் கொடுத்தனர். ஒட்டுண்ணிகள் ஈயின் தொண்டை அடைபடும் அளவுக்குப் பெருகின. இம்முறையைக் கையாண்டு, சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் ஆகியோர் தாமாக முன்வந்த ஐந்து மனிதரை ஈக்கடிக்கு உள்ளாக்கினர். ஐவருக்கும் நோய் தொற்றியது. இம்முடிவு 1942 இல் வெளியாயிற்று. டொனவன் உருண்டைகளைக் கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

ஓர் ஒட்டுண்ணி இரு பூச்சிகளின் குடலுள்ளும் புகுகின்றது, இரண்டிலும் வளர்கின்றது, ஒன்றிலிருந்து மட்டும் அடுத்த மனிதனை அடைகின்றது. ஒரு பூச்சியின் வயிற்றில் வளர்தல் வேறு. அங்கே நிலைத்து முன்னேறி வாயிலை அடைதல் வேறு. அந்நிலைத்தலுக்கு வேண்டியது பற்று.

ஈயின் வயிற்றில்

நம் நாட்டிலும் இந்தியாவிலும் இந்நோயைச் சுமக்கும் மணல் ஈயின் இலத்தீன் பெயருக்கு வெள்ளிக்கால் என்று பொருள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமே உடையது. உடலெங்கும் மயிர் நிறைந்தது. இருக்கும்போது சிறகுகளை மடக்காமல் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். நுளம்பைப்போல் அது காதருகே பாடுவதில்லை. மஃரிபுக்குப் பின் சத்தமின்றி வந்து, சுபஹுக்குமுன் மறைந்துவிடும். பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். பெயரைக் கேட்டுக் கடற்கரை மணலில் அதைத் தேடுவது வீண். மணலின் நிறம் உடையதாதலின் அப்பெயர் பெற்றது. அது முட்டையிடுவது நீரிலுமன்று. மக்கிய சருகும் சாணமும் கலந்த ஈரமண்ணிலும் நிலவெடிப்புக்களிலுமே அதன் புழுக்கள் வளரும். புற்றும் மாட்டுக்காலையும் அதற்கு உவப்பான இடங்கள்.

நோயாளியின் இரத்தத்தைக் குடித்ததும், ஈயின் நடுக்குடல் அவ்விரத்தத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பையை நெய்துகொள்கின்றது. கைற்றினும் புரதமும் கலந்த பை அது. இரத்தமும் அதனோடு வந்த ஒட்டுண்ணியும் அப்பைக்குள் அடைபடுகின்றன. ஓரிரு நாளில் உருண்டைகள் சவுக்குமுளை பெற்றுப் பெருகத் தொடங்கும். மூன்றாம் நாலாம் நாளளவில் இரத்தம் செரித்துப் பை சிதையும். அப்போது ஒட்டுண்ணிகள் வெளிப்படுகின்றன.

இதுவே அவற்றின் கண்டம். செரித்த இரத்தத்தின் எச்சத்தை ஈ வெளியே தள்ளப்போகின்றது. எதையேனும் பற்றிக்கொள்ளாத ஒட்டுண்ணி, எச்சத்தோடு எச்சமாய் வெளியே போய்விடும். வெள்ளம் வடியும்போது கரையோரப் புல்லைப் பிடித்துக்கொண்ட எறும்பு நிற்கும். பிடிக்காதது கடலுக்குப் போகும். அதுபோல்வதே இது.

பற்றுவதற்கு அங்கே இடம் உண்டு. நடுக்குடலின் உட்சுவர் முழுவதும், மயிர்க்கம்பளம்போல நுண்ணிய நீட்சிகள் நெருங்கி நிற்கின்றன. நம் பாடநூல்கள் இவற்றை நுண்சடைமுளைகள் என்னும். ஒட்டுண்ணி தன் சவுக்குமுளையை இச்சடைகளுக்கிடையே செருகிக்கொள்கின்றது. நீந்துவதற்கென வளர்ந்த உறுப்பு இங்கே நங்கூரமாகின்றது. செருகுதல் மட்டும் போதாது. ஒட்டும் பசையும் வேண்டும். ஒட்டுண்ணியின் உடல் முழுவதையும் சீனியும் பொஸ்பேற்றும் கோத்த நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் போர்த்துள்ளன. லிப்போபொஸ்போகிளைக்கன் என்பது அவற்றின் பெயர். அச்சங்கிலியின் சீனிகள் குடற்சுவரிலுள்ள பொருள்களோடு பொருந்திப் பிணைகின்றன.

இப்பொருத்தம் பூட்டுக்குத் திறப்புப் போன்றது. மேற்காசிய நாடுகளில் வாழும் ஒருவகை மணல் ஈயின் குடலில், குறித்த ஓரின ஒட்டுண்ணியின் சீனியை மட்டும் பற்றும் கலெக்டின் என்னும் புரதம் இருப்பது 2004 இல் அறியப்பட்டது. அவ்வீக்குக் கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியைக் கொடுத்தால், இரத்தம் செரிக்கும்வரை அது வளர்கின்றது. பின்னர்ப் பற்ற இடமின்றி எச்சத்தோடு வெளியேறிவிடுகின்றது. நமது வெள்ளிக்கால் ஈயோ அத்துணைக் கண்டிப்புடையதன்று. பல இன ஒட்டுண்ணிகளும் அதன் குடலிற் பற்றி வளர வல்லன என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

நிற்க. பற்றியது அங்கேயே கிடந்தால் என்ன பயன்? அடுத்த மனிதனை அடைய வேண்டுமானால் விட்டாக வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஒட்டுண்ணிகளிற் சில சிற்றுடலும் நீண்ட சவுக்குமுளையும் கொண்டு விரைந்து நீந்தும் வடிவம் அடைகின்றன. அப்போது அவற்றின் போர்வைச் சங்கிலிகள் நீள்கின்றன. குடலோடு பிணைந்த சீனிகள் மாறுகின்றன. கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியில் அவை மடிப்புக்குள் மறைந்துகொள்கின்றன. பிடி தானே நெகிழ்கின்றது. மனிதனைத் தொற்ற வல்லவை இவ்வாறு விடுபட்டவையே.

வாயிலில் ஒரு பிடி

இன்னுமொரு பற்று உண்டு. நடுக்குடலின் முன்முனையில், தொண்டையும் குடலும் சந்திக்குமிடத்தில் ஒரு வால்வு இருக்கின்றது. குடித்த இரத்தம் பின்வாங்காமற் காப்பது அதன் தொழில். அங்கே சடைமுளைகள் இல்லை. கைற்றின் படிந்த வழுவழுப்பான சுவர். சடையிற் செருகும் தந்திரம் இங்கே செல்லாது.

ஆகவே ஒட்டுண்ணி உருவத்தையே மாற்றிக்கொள்கின்றது. சவுக்குமுளை குறுகுகின்றது, அதன் நுனி யானையின் பாதம்போல அகன்று சுவரிற் படிகின்றது. படிந்த இடத்தில், நுண்ணிய நார்கள் நிறைந்த உறுதியான தட்டொன்று உருவாகின்றது. நம் தோலின் கலங்களை அடித்தளத்தோடு இறுக்கும் பொருத்துக்களைப் போன்ற அமைப்பு அது. இப்பிடிக்கு இன்றியமையாத மூன்று புரதங்களை 2024 இல் வெளியான ஓர் ஆய்வு இனங்காட்டிற்று. அவற்றை இழந்த ஒட்டுண்ணிகள் வால்விற் குடியேற இயலாது போயின.

வாயிலைப் பிடித்தவை அங்கே பெருகுகின்றன. பசைபோன்ற ஒரு கூழையும் சுரக்கின்றன. கூழும் கூட்டமும் சேர்ந்து தொண்டையை அடைக்கின்றன. வால்வும் சிதைந்து சரிவர மூடாது போகின்றது. பசித்த ஈ குத்துகின்றது. இரத்தம் இலகுவாக ஏறவில்லை. மீண்டும் மீண்டும் குத்துகின்றது. அம்முயற்சியில், தொண்டையிற் கிடந்த கூழையும் அதில் நீந்தும் ஒட்டுண்ணியையும் நம் தோலுக்குட் கக்கிவிடுகின்றது. உலர்திராட்சை உண்ட ஈக்களின் தொண்டை அடைபட்டதன் மருமம் இதுவே. பற்றி நின்றவை வாயிலை அடைக்க, விட்டு நீந்தியவை வெளியேறுகின்றன. இரண்டும் சேர்ந்தே நோய்.

பழைய உறவு

மனிதனை நோயுறுத்துவதற்காகவே இவ்வளவு சூழ்ச்சியும் அமைந்தது என்று எண்ணிவிடலாகாது. முன்னர்க் கூறிய பற்றன், நீரின்மேற் கால் நனையாமல் ஓடித்திரியும் பூச்சியின் குடலிலும் இத்தகைய ஓர் ஒட்டுண்ணியைச் சென்னையிற் கண்டு 1908 இல் விவரித்தார். அப்பூச்சி எவரையும் கடித்து நோய் பரப்புவதன்று. ஈ, நுளம்பு, தேனீ, மூட்டுப்பூச்சி எனப் பலவற்றின் குடலில் மட்டுமே பிறந்து அங்கேயே மடியும் சவுக்குமுளை உயிர்கள் மிகப் பல. அவையும் சவுக்குமுளையின் நுனியை அகற்றியே குடற்சுவரைப் பற்றுகின்றன. இந்நோய் ஒட்டுண்ணியின் முன்னோர் பூச்சிகளில் மட்டும் வாழ்ந்தவை என்பதே அறிஞர் கருத்து. பர்மாவில் எடுக்கப்பட்ட, மரப்பிசின் உறைந்து கல்லான அம்பரில், ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மணல் ஈயொன்று அகப்பட்டது. அதன் வயிற்றில் லீஷ்மேனியாவை ஒத்த ஒட்டுண்ணிகள் காணப்பட்டன. மனிதன் தோன்றுமுன்னரே இப்பற்றுத் தோன்றிவிட்டது.

பற்றை அறிந்தால் அதை அவிழ்க்கும் வழியும் புலப்படலாம். இங்கிலாந்தின் பெருந்தேனீக்களின் குடலில் இவ்வினத்து ஒட்டுண்ணியொன்று வாழ்கின்றது. அந்நாட்டு மேட்டுநிலங்களில் ஊதாப்பூப் பூக்கும் ஹெதர் என்னும் செடியின் மதுவிலுள்ள ஒரு பொருள், அவ்வொட்டுண்ணியின் சவுக்குமுளையை உதிரச் செய்வதை 2019 இற் கண்டனர். சவுக்குமுளை போனபின் அது பற்றமாட்டாது. தேனீயின் தொற்றுக் குறைகின்றது. ஒட்டுண்ணியைக் கொல்லாமலே அதன் கையை எடுத்துவிடும் மருந்து, ஒரு பூவில் இருந்தது.

நம் தீவில்

இந்நாட்டிலேயே தொற்றிய முதல் தோற்புண் 1992 இல் தெற்கே பதிவாயிற்று. 2001 இன் பின்னர் நோயாளர் தொகை ஏறத்தொடங்கியது. அநுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை, மாத்தறை, குருநாகல் முதலிய மாவட்டங்களில் மிகுதி. நமது அம்பாறையும் அதற்கு விலக்கன்று. 2008 இல் இது அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலிற் சேர்ந்தது. 2018 இல் ஓராண்டின் நோயாளர் தொகை மூவாயிரத்தைக் கடந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. இந்தியாவில் மண்ணீரலைத் தாக்கி உயிரைக் குடித்த அதே லீஷ்மேனியா டொனவனியின் ஒரு வகையே நம் தீவிலும் உளது என்பது 2003 இல் உறுதியாயிற்று. இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. உள்ளுறுப்பைத் தாக்கும் நோய் 2007 முதல் சிலரிடத்தே அறியப்பட்டுள்ளது. ஆகையால் அசட்டை செய்யத் தக்கதன்று.

மச்சானின் புண்ணுக்கு மருந்து அந்திமனி சேர்ந்தது. பழநாளிற் கண்ணுக்கிட்ட சுருமாவின் மூலப்பொருளாகிய அவ்வுலோகத்தைக் கொண்டே, கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரமச்சாரி 1920 களின் தொடக்கத்திற் கருங்காய்ச்சலுக்கு மருந்து கண்டார். வாரத்துக்கொருமுறை புண்ணின் ஓரத்திலேயே ஊசி ஏற்றினர். சிலருக்குத் திரவ நைதரசனாற் புண்ணை உறையச் செய்வதும் உண்டு. சில வாரங்களிற் புண் ஆறியது. இப்போது அவ்விடத்தில் ஒரு வடு மட்டும் இருக்கின்றது.

நின்றுபோன கலியாணப் பேச்சு மீண்டும் தொடங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைக் குறைகூற எனக்கு வாயில்லை. அவர்கள் அயலார், நான் தாய்மாமன். புண் ஆறுமுன்னரே ஒருநாள் மச்சான் வீட்டுக்குப் போய், தங்கையிடம் தேநீர் கேட்டேன். அவள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மச்சானே கோப்பையை எடுத்து வந்து, கட்டுப்போட்ட அந்தக் கையாலேயே நீட்டினார். பற்ற வேண்டிய வேளையில் நான் விட்டிருந்தேன் என்பது அப்போது விளங்கியது.

ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். பெயரில்லாத நோய்க்கு ஊரார் தாம் அஞ்சும் பெயரையே இடுவர். 'மணல் ஈப்புண்' என்று இதனைச் சொன்னால் எவருக்கும் விளங்கும். இதனினும் நல்ல சொல் இருப்பின் அறிந்தோர் தருக. வெளித்தெரியும் உடலிடங்களில், நோவாத, அரிக்காத பருவொன்று பல வாரமாகியும் மாறாமல் வளருமானால், பற்றிட்டுக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். வாடியிற் படுப்போர் கைகால்களை மூடிப் படுக்கவேண்டும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணூடே இவ்வீ நுழையும் என்பதையும் கூறுங்கள். தொட்டாலோ, ஒரே கோப்பையிற் குடித்தாலோ இந்நோய் ஒட்டாது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சொல்லுங்கள். நான் அதைக் காலந் தாழ்த்திக் கற்றுக்கொண்டேன்.